ரெண்டு பியானோ ரூம், ஞாயித்துக்கிழமை நாலு மணி: க்ரீக் கான்செர்ட்டோவுக்கு ஆறு மாசம் வாடகை கட்டின அம்மாவோட ரிவ்யூ

எங்க பொண்ணுக்கு 16 வயசு. போன வருஷக் கடைசில ஒரு யூத் ஆர்கெஸ்ட்ரா ஆடிஷன்ல தேறி, நார்வே இசையமைப்பாளர் க்ரீக்கோட ஏ மைனர் பியானோ கான்செர்ட்டோவ (ஆர்கெஸ்ட்ராவோட சேந்து பியானோ வாசிக்கற பெரிய ஐட்டம்) மூணு மூவ்மென்ட்டும், அதாவது மூணு பகுதியும், முழுசா மேடையில வாசிக்க அவளுக்கு சான்ஸ் கெடச்சுது. அன்னிக்கு வீட்ல எல்லாருக்கும் ஒரே சந்தோஷம், அடுத்த நாள் காலையில தான் ஒறச்சுது, அரை மணி நேர ஐட்டம், பின்னாடி அறுபது பேருக்கு மேல வாசிப்பாங்க, எங்க கிட்ட இருக்கறது அஞ்சு ரூம் புளோக் வீட்ல ஹால் மூலையில ஒரு டிஜிட்டல் பியானோவும் ஒரு ஹெட்போனும். டீச்சர் ஒரே வார்த்தை தான் சொன்னாங்க, "ரெண்டு பியானோ இருக்கற எடம் பாருங்கம்மா, இல்லன்னா இத செய்ய முடியாது." ஒண்ணுல அவ, இன்னொண்ணுல ஆர்கெஸ்ட்ராவுக்கு பதிலா வாசிக்கற ஆள். அப்படித் தேடிக் கண்டுபிடிச்சது தான் இந்த ஸ்டுடியோ. ஆறு மாசம், வாரா வாரம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணி ஸ்லாட். போன வாரம் கச்சேரி முடிஞ்சுது, அதனால இப்ப எழுதறேன், இதே நெலமையில இருக்கற அப்பா அம்மாவுக்கு உபயோகமா இருக்கும்.

ரூம் எப்படின்னு மொதல்ல சொல்லிடறேன். மூணாவது மாடி, உள்ள நடைபாதை கடைசியில இருக்கற பெரிய ரூம் தான் ரெண்டு பியானோ ரூம், மத்ததெல்லாம் ஒத்தப் பியானோ ரூமு, சிலதுல அப்ரைட் (செவுத்தோட நிக்கற சின்னப் பியானோ) தான். பெரிய ரூம்ல ஒண்ணு 186 சென்டிமீட்டர் கிராண்ட், இன்னொண்ணு அதவிட கொஞ்சம் பழசு. ரெண்டையும் எதிரெதிரா போடாம பக்கத்துல பக்கத்துல போட்டிருக்காங்க, கீபோர்டு ரெண்டும் ஒரே வரிசை. இது எவ்ளோ பெரிய விஷயம்னு எனக்கு மொதல்ல புரியல. மேடையில பியானோக்காரருக்கு எடது பக்கம் தான் கண்டக்டர் நிப்பாரு, நாம பாக்கறது அவங்க வலது பக்கத்த. இங்கயும் எடது பக்கத்துப் பியானோவுல கூட வாசிக்கறவங்க உக்காருவாங்க, அதனால பிள்ளைக்கு முக்கியமான எடம் வந்தா எடது பக்கம் தலைய திருப்பிப் பாக்கற பழக்கம் மொத மாசத்துலயே வந்துடுது. வேற ரெண்டு எடம் போய் பாத்தோம், அங்க பியானோ எதிரெதிரா இருந்துச்சு, ரெண்டு மூடிக்கு நடுவுல ஆள் மொகமே தெரியல.

காசு: ரூம் மணிக்கு 42 வெள்ளி (டாலர்). கூட வாசிக்க ஆள் வேணும்னா அதுக்கு தனியா 80 வெள்ளி, அவங்களே ஏற்பாடு பண்ணித் தருவாங்க. நாங்க ரூம வாரா வாரம் எடுத்தோம், ஆள ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா. மொத்தமா ரெண்டாயிரம் வெள்ளி பக்கம் ஆச்சு. எங்களுக்கு அது பெரிய தொகை தான், வீட்டுக்காரர் கூட "அதுக்கு வீட்லயே ஒரு நல்ல பியானோ வாங்கற காசுல பாதி சேத்துடலாமே"ன்னு கேட்டாரு. ஆனா இப்ப என்ன கேட்டா, கான்செர்ட்டோவுக்கு ரெடி பண்ற பிள்ளைக்கு நல்ல பியானோவ விட, கூட வாசிக்கற ஒரு மனுஷன் தான் தேவை, காச அங்க தான் போடணும்னு அடிச்சு சொல்லுவேன்.

ஏன்னு விளக்கறேன். ஆரம்பத்துல நாங்களும் எல்லாரும் செய்யற மாதிரி ஆர்கெஸ்ட்ரா மட்டும் வாசிச்ச பேக்கிங் ட்ராக் ஒண்ணு டவுன்லோட் பண்ணி ஹெட்போன்ல போட்டு தான் பழக விட்டோம். ரெண்டு மாசம் அப்படியே போச்சு. என்ன ஆச்சுன்னா, அவ அந்த ட்ராக்க தொரத்த ஆரம்பிச்சிட்டா. கொஞ்சம் நிதானிச்சு வாசிக்க வேண்டிய எடத்துல எல்லாம் பயந்து ஓடறா, ஏன்னா அது நிக்காது, யாருக்காகவும் காத்திருக்காது, நாம என்ன வாசிக்கறோம்னு அதுக்கு காதே கெடையாது. நான் சின்ன வயசுல எட்டு வருஷம் வீணை கத்துக்கிட்டவ, மிருதங்கக்காரர் நம்ம கை எங்க போகுதுன்னு பாத்து கூடவே வரும்போது இருக்கற தெம்பு எனக்கு தெரியும். மெஷின் தாளத்துக்கு வாசிச்சுப் பழகின பிள்ளைக்கு அந்த தெம்பே தெரியாம போயிடும்.

இங்க கூட வாசிக்க வந்தவங்க அம்பது வயசு பக்கம் இருக்கற ஒரு சீன ஆன்ட்டி. (பேரு போடல, அவங்களுக்குப் பிடிக்காது.) ஆர்கெஸ்ட்ரா மொத்தத்தையும் ரெண்டு கைக்குள்ள சுருக்கி எழுதியிருக்கற பார்ட் தான் அவங்க வாசிக்கறது. ஆனா வெறும்ன வாசிச்சிட்டுப் போகல. வாசிச்சிட்டே வாயால சொல்லுவாங்க, "இது ஓபோ... இப்ப ஹார்ன்... இப்ப செல்லோ, செல்லோ, நல்லா மூச்சு விட்டு வருவாங்க, அவசரப்படாத." மொத மூவ்மென்ட்ல ரெண்டாவது தீம் வருமே, அது ஆர்கெஸ்ட்ராவுல செல்லோவுக்கு குடுத்திருக்காரு. முன்னாடி ஒரு காலத்துல ஃபிரான்ஸ் லிஸ்ட்ங்கற பெரிய பியானோ மேதை சொன்னாருன்னு அத ட்ரம்பெட்டுக்கு குடுத்திருந்தாராம் க்ரீக், அப்புறம் மனசு கேக்காம மாத்திட்டாரு. இந்தக் கதைய ஆன்ட்டி சொன்ன அன்னிக்கு அதே நாலு வரிய ட்ரம்பெட் மாதிரி கெட்டியா ஒருக்கா, செல்லோ மாதிரி இழைச்சு ஒருக்கா வாசிச்சுக் காட்டினாங்க, அதுக்கப்புறம் எம்பொண்ணு அந்த தீம எடுத்து வாசிச்ச விதமே வேற. நான் பின்னாடி நாற்காலில உக்காந்திருந்தேன், எனக்கு மேல் சிலிர்த்துப் போச்சு.

அந்த ஆரம்பம் உங்களுக்கு கண்டிப்பா தெரிஞ்சிருக்கும், பேரு தெரியாட்டியும் எங்கயாவது கேட்டிருப்பீங்க. டிம்பனி (பெரிய மேளம்) ஒரு பார் (ஒரு தாளச் சுத்து மாதிரி) முழுக்க உருண்டு உருண்டு பெருசாகிட்டே வரும், அது உச்சத்துக்கு வந்த ஒடனே பியானோ மேல இருந்து கீழ வரைக்கும் ஏ, ஜி ஷார்ப், ஈன்னு எறங்கி எறங்கி வந்து விழும். கேக்கறதுக்கு கம்பீரமா இருக்கும், வாசிக்கறவங்களுக்கு அது நரகம். ஏன்னா கை சூடாகறதுக்கு எதுவுமே கெடையாது, மேடை ஏறி வணக்கம் சொல்லி உக்காந்து கண்டக்டர பாத்து தலையாட்டினா அடுத்த நாலு செகண்டுல எல்லாருக்கும் தெரியற மாதிரி பெரிய கார்டு (பல ஸ்வரம் ஒண்ணா அடிக்கறது). எம்பொண்ணு வீட்ல அத நூறு தடவ சரியா வாசிப்பா. ஸ்டுடியோவுல மொத நாள் ஆன்ட்டி கீழ் ஏ கீய ரெண்டு கையாலயும் நடுங்க நடுங்க உருட்டி சத்தத்த ஏத்தினாங்க பாருங்க, அந்த ஒரு பார்ல இவ மூச்சே நின்னு போய் ஒரு பீட் முன்னாடியே பாஞ்சிட்டா. அதுக்கப்புறம் மூணு வாரம் ஒவ்வொரு செஷனும் அந்த ஒரு பார்ல தான் ஆரம்பிக்கும். வாசல்ல இருந்து நடந்து வா, வணக்கம் சொல்லு, ஸ்டூல சரி பண்ணு, கைய மடியில வை, என்ன பாரு, அப்புறம் உருட்டல். நாலாவது வாரம் தான் அது தானா விழுந்துச்சு.

இன்னொரு வேலை செஞ்சாங்க, எனக்கு அப்ப கோவம் கூட வந்துச்சு. கச்சேரிக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது மூணாவது மூவ்மென்ட் நடுவுல வேணும்னே ரெண்டு பார் தாண்டி குதிச்சிட்டாங்க. பொண்ணு நிறுத்திட்டா. "ஏன் நிறுத்தின? மேடையில அறுபது பேர நிறுத்துவியா?"ன்னு கேட்டாங்க. அடுத்த தடவ வேற எடத்துல, அப்புறம் இன்னொரு எடத்துல. கொஞ்ச நாள்ல இவளே வாசிச்சிட்டே காதால தொழாவி அவங்க எங்க இருக்காங்கன்னு கண்டுபிடிச்சு ஒட்டிக்க ஆரம்பிச்சா. ட்ராக் போட்டு பழகியிருந்தா இது சாத்தியமே இல்ல.

காடென்ஸா பத்தி சொல்லணும். நம்ம தனி ஆவர்த்தனம் மாதிரி தான், ஆர்கெஸ்ட்ரா ஒதுங்கிடும், பியானோ மட்டும். க்ரீக் இத முழுசா அவரே எழுதி வெச்சிட்டாரு, வாசிக்கறவங்க கற்பனை பண்ண வேண்டியதில்ல. அதனால இத தனியா வீட்லயே பழகிக்கலாம், எதுக்கு ரூமுக்கு காசு குடுத்து பழகணும்னு நான் நெனச்சேன். தப்பு. காடென்ஸா முடியற எடம் தான் விஷயமே. தனி முடிஞ்சு கோர்வை வெச்சு எறங்கும்போது வயலின்காரர் வில்ல தூக்கி ரெடியா இருப்பாரே, அவருக்கு மூணு தடவ வர்ற தீர்மானம் (முடிவு காட்டற தாளக் கோப்பு) கணக்கு சொல்லிடும். இங்க அந்தக் கணக்கு கெடையாது, இவ வாசிக்கற வேகத்தையும் எறக்கத்தையும் வெச்சு தான் கண்டக்டர் கைய எடுக்கணும், ஆர்கெஸ்ட்ரா சன்னமா உள்ள வரணும். அந்த எடத்த இவ ஒவ்வொரு தடவயும் ஒவ்வொரு மாதிரி முடிச்சிட்டிருந்தா. "நீ எனக்கு வழி விடல, கதவ மூடிட்டுப் போற"ன்னு ஆன்ட்டி சொன்னாங்க. அத சரி பண்ண அஞ்சாறு செஷன் ஆச்சு.

ரெண்டாவது மூவ்மென்ட்ல தான் ரூமோட எல்லை தெரிஞ்சுது. டி ஃப்ளாட் மேஜர், ஸ்ட்ரிங்ஸ் (வயலின், செல்லோ மாதிரி தந்தி வாத்தியங்க) எல்லாம் சத்தம் கொறைக்கற ம்யூட் போட்டு ரெண்டு நிமிஷம் பக்கம் வாசிப்பாங்க, அதுக்கப்புறம் தான் பியானோ உள்ள வரும். ஸ்ட்ரிங்ஸ் ஒரு ஸ்வரத்த இழுத்துக்கிட்டே போகலாம், பியானோவுல தட்டின ஒடனே சத்தம் தேய ஆரம்பிச்சிடும், எவ்ளோ நல்லா வாசிச்சாலும் அந்த கம்பளி போத்தின மாதிரி சத்தம் வராது. அதுக்கு ஆன்ட்டி ரெகார்டிங் போட்டுக் கேக்க சொன்னாங்க, கேட்டுட்டே கைய மடியில வெச்சு உக்காரப் பழகுன்னாங்க. சும்மா உக்காந்திருக்கறது கூட பழக வேண்டிய ஒண்ணுன்னு எனக்கு இதுல தான் தெரிஞ்சுது.

க்ரீக் இத எழுதும்போது அவருக்கு வயசு 24, 25 தான். 1868 கோடையில டென்மார்க்ல சோலரோட்ங்கற எடத்துல தங்கி எழுதினது. அந்த வருஷம் ஏப்ரல்ல தான் அவங்களுக்கு அலெக்சாண்ட்ரான்னு பொண் கொழந்த பொறந்திருந்துச்சு. அடுத்த வருஷம் ஏப்ரல் 3, 1869ல கோபன்ஹேகன்ல எட்மண்ட் நாய்பெர்ட் மொத மொதல்ல இத மேடையில வாசிச்சாரு, க்ரீக்கால நேர்ல வந்து கேக்க முடியல, வேலை இருந்ததால நார்வேயிலயே இருந்துட்டாரு. அந்தக் கொழந்த கொஞ்ச நாள்லயே தவறிடுச்சு. இந்த விஷயம் தெரிஞ்சதுக்கப்புறம் ரெண்டாவது மூவ்மென்ட்ட என்னால சும்மா கேக்க முடியறதில்ல, அது கொழந்த உயிரோட இருக்கும்போது எழுதின சங்கீதம், ஒரு சின்னப் பிள்ளைய தூங்க வெக்கற கை மாதிரியே எனக்கு கேக்கும். அப்புறம் சாகற வரைக்கும் இந்த கான்செர்ட்டோவ அவர் திருத்திக்கிட்டே இருந்தாரு, 1907ல கூட கை வெச்சிருக்காரு.

ஸ்கோர் விஷயம் ஒண்ணு. ரெண்டு பியானோவுக்கு ரெண்டு காப்பி வேணும், ஏன்னா ரெண்டு பேரும் ரெண்டு பார்ட்டையும் பாத்து தான் வாசிக்கணும், பக்கம் திருப்பற எடம் வேற வேற. நாங்க பச்ச அட்ட பீட்டர்ஸ் எடிஷன் ஒண்ணு தான் வாங்கியிருந்தோம். மொத நாளே மாட்டிக்கிட்டோம். ஆனா இவங்க ரிசப்ஷன் பின்னாடி அலமாரில அடிக்கடி வாசிக்கற கான்செர்ட்டோ எல்லாத்துக்கும் ஒரு காப்பி வெச்சிருக்காங்க, க்ரீக், ஷூமன், மெண்டல்ஸன் ஜி மைனர், ரஹ்மானினாஃப் ரெண்டாவது எல்லாம் இருக்கு, ரூம் எடுத்தவங்களுக்கு அந்த ஒரு மணி நேரத்துக்கு இலவசம். பென்சில்ல எழுதலாம், போகும்போது அழிச்சிட்டுக் குடுக்கணும். இது பெரிய உதவி. க்ரீக் காலமாகி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, காப்பிரைட் கெடையாது, நெட்ல இலவசமா எடுத்து ப்ரின்ட் பண்ணிக்கலாம் தான், ஆனா ஏ4 தாள் ஸ்டாண்டுல நிக்காம விழுந்துட்டே இருக்கும், எங்களுக்கு நடந்துச்சு.

இப்ப கொறைங்க. மூணாவது மாசம் ரெண்டாவது பியானோவோட சுருதி மேல் ஸ்தாயில எறங்கிப் போச்சு. ரெண்டு பியானோ ரூம்ல இது சின்ன விஷயம் இல்ல. ஒரு பியானோவோட ஏ ஸ்வரம் செகண்டுக்கு 440 அதிர்வுலயும் இன்னொண்ணோடது 441லயும் இருந்தா செகண்டுக்கு ஒரு தடவ அலை அடிக்கற மாதிரி கேக்கும், தனித்தனியா வாசிச்சா ரெண்டுமே நல்லா இருக்கற மாதிரி தான் தோணும், சேந்து வாசிச்சா தான் பல்லு கூசும். எங்க வீணை டீச்சர் தம்புராவோட சேராத தந்திய வெச்சுக்கிட்டு வாசிக்க விடவே மாட்டாங்க, எனக்கு அந்த ஒரு மணி நேரம் உக்காரவே முடியல. ஸ்டுடியோ அங்கிள் கிட்ட சொன்னேன். அவர் சாக்கு சொல்லல, தானே வந்து ரெண்டு கீயையும் தட்டிப் பாத்தாரு, புதன்கிழமைக்குள்ள ட்யூனர கூப்ட்டு ரெண்டையும் ஒண்ணா சுருதி சேத்துட்டு எனக்கு மெசேஜ் போட்டாரு. ராத்திரி ஏசிய நிறுத்திட்டுப் போறதால நம்ம ஊர் ஈரப்பதம் ஏறி எறங்கி மரம் உப்பி சுருங்குது, அதான் காரணம்னாரு. அதுக்கப்புறம் அந்த ரூம்ல ஈரம் உறிஞ்சற மெஷின் ராத்திரி பகலா ஓடுது, மறுபடி அந்தப் பிரச்சன வரல. இருந்தாலும் பெரிய கச்சேரிக்கு ரெடி பண்றவங்க மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு பியானோவுலயும் ஒரே ஸ்வரத்த சேத்து தட்டிப் பாத்துடுங்க.

ஏசி குளிர் ரொம்ப அதிகம். பிள்ளைங்க விரல் வெறச்சுப் போகுது, ஸ்வெட்டரும் சின்ன ஃப்ளாஸ்க்ல வெந்நீரும் எடுத்துட்டுப் போங்க. பழைய பியானோ ஸ்டூல் திருகும்போது கிறீச்சுனு கத்தும், ஆறு மாசமா சொல்றேன், இன்னும் எண்ணெய் போடல. பெத்தவங்க உக்கார வெளில எடமே கெடையாது, நடைபாதையில நிக்கணும், உள்ள ஒரு நாற்காலி போட ஆன்ட்டி ஒத்துக்கிட்டதால எனக்கு பரவால்ல. கேன்சல் பண்ணணும்னா 24 மணி நேரம் முன்னாடி சொல்லணும், எங்க பொண்ணுக்கு திடீர்னு காய்ச்சல் வந்த அன்னிக்கு முழுக் காசும் போச்சு, அது வருத்தம் தான்.

இந்த ரூம் கத்துக் குடுக்காத ஒண்ணும் இருக்கு, அதையும் சொல்லிடணும். ஆர்கெஸ்ட்ராவோட மொத ஒத்திகைக்குப் போனப்ப தான் தெரிஞ்சுது. பக்கத்து பியானோ மூணடி தூரத்துல, சத்தம் ஒடனே காதுக்கு வந்துடும். மேடையில பின்வரிசை பத்து மீட்டர் தள்ளி இருக்கு, அங்க இருந்து சத்தம் வந்து சேர ஒரு செகண்டுல நூத்துல மூணு பங்கு ஆகுது. கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கு, ஆனா காத மட்டும் நம்பி வாசிச்சா நாம பின்தங்கிக்கிட்டே போவோம், கண்டக்டர் கைய பாத்து தான் போகணும். அப்புறம் கடைசி பக்கம், ஏ மேஜருக்கு மாறி ட்ராம்போன் எல்லாம் எழுந்து நிக்கற மாதிரி முழங்கற எடம், ரூம்ல இவ பியானோ தான் பெருசா கேக்கும், மேடையில இவ அடிச்ச அடியெல்லாம் முழுகிப் போச்சு. இவ இன்னும் ஓங்கி அடிக்க ஆரம்பிச்சு தோள் வலிச்சு வந்து நின்னா. அடுத்த ஞாயித்துக்கிழமை ஆன்ட்டி அதுக்காகவே தன் பியானோ மூடிய முழுசா தெறந்து வெச்சு இவளோடத மூடி வெச்சு வாசிச்சாங்க. "அவங்கள ஜெயிக்காத. மேல் ஸ்வரம் மட்டும் தெளிவா வெளிய வரட்டும், மிச்சம் அவங்களோடதே தான்"னு சொன்னாங்க. அன்னிக்கு தான் லிஸ்ட் கதையும் சொன்னாங்க, 1870ல ரோம்ல க்ரீக் கையெழுத்துப் பிரதிய பாத்த மாத்திரத்துல வாசிச்சிட்டு வந்த லிஸ்ட், கடைசி பக்கத்துல ஜி ஷார்ப் வரும்னு எதிர்பாக்கற எடத்துல ஜி நேச்சுரல் வந்ததும் எழுந்து நின்னு கத்தினாராம். எம்பொண்ணு ஸ்கோர்ல அந்த ஜிய பென்சில்ல வட்டம் போட்டு வெச்சிருக்கா.

கச்சேரி நல்லா நடந்துச்சு. நான் நாலாவது வரிசையில எடது ஓரமா உக்காந்திருந்தேன், அவ கை தெரியணும்னு. டிம்பனி உருள ஆரம்பிச்சப்ப அவ கை மடியில இருந்துச்சு, கடைசி நொடி வரைக்கும் அசையல, அப்புறம் போய் விழுந்துச்சு. மூணாவது மூவ்மென்ட் வேகமான ஆக்டேவ் எடத்துல ஒரு தடவ கை வழுக்கி நாலஞ்சு ஸ்வரம் போச்சு. எனக்கு வயித்துல புளிய கரைச்சுது. அவ நிக்கல, எடது பக்கம் ஒரு பார்வ பாத்தா, அடுத்த பார்ல கண்டக்டரோட சேந்துட்டா, பக்கத்துல இருந்தவங்களுக்கு ஒண்ணும் தெரியல. அந்த எடது பக்கப் பார்வ ரெண்டாயிரம் வெள்ளிக்கு மேல. காடென்ஸா முடிஞ்சு ஸ்ட்ரிங்ஸ் உள்ள வந்த எடம் அவ்ளோ சுத்தமா இருந்துச்சு, ஆன்ட்டி எங்க பின்னாடி வரிசையில தான் உக்காந்திருந்தாங்க, திரும்பிப் பாத்தேன், கண்ண மூடி தலையாட்டிக்கிட்டு இருந்தாங்க.

அஞ்சுக்கு நாலரை குடுக்கறேன், அந்த அரை ஏசிக்கும் ஸ்டூலுக்கும் கேன்சல் ரூலுக்கும். புக் பண்றவங்க ஃபோன்ல கேக்கும்போது "கடைசி ரூம், ரெண்டு கிராண்ட்"னு தெளிவா சொல்லுங்க, சும்மா கிராண்ட் ரூம்னா வேறத குடுத்துடுவாங்க. சனிக்கிழமை காலை ஸ்லாட் எல்லாம் டீச்சருங்க வருஷத்துக்கே எடுத்து வெச்சிருக்காங்க, கெடைக்காது. ஞாயித்துக்கிழமை நாலு மணி எங்களோடது, இந்த மாசக் கடைசியோட விடறோம், அங்கிள் கிட்ட சொல்லியாச்சு, வேணுங்கறவங்க சீக்கிரம் கேட்டு வாங்கிக்கோங்க.